நன்றி, ஏழு மாடுகள் அவர்களே

மாட்டுப் பொங்கல் அன்று காலை பதினொரு மணிக்கு, திசையன்விளையிலேயே பெரிய குரலை நான் என் கையாலேயே பூட்டிவிட்டேன். சாவி என்னிடம் இல்லை. மாலை நான்கு மணிக்குப் பெண்கள் கபடி இறுதி ஆட்டம்.

பேருந்து நிலையத்துக்கு எதிரே 'எஸ்தர் கம்ப்யூட்டர்ஸ்' என்று ஒரு கடை இருக்கிறதே, அந்த எஸ்தர் நான்தான். இந்த ஊரில் நான் திறந்து பார்க்காத கம்ப்யூட்டர் கிடையாது. திறந்ததை மூடத் தெரியாமல் விட்டதும் கிடையாது, அன்று காலை வரைக்கும்.

குரல் சுயம்புலிங்கம் அண்ணாச்சியுடையது. பொம்பளைப் பிள்ளைகள் கபடி ஆடினால் எவன் பார்க்க வருவான் என்று ஊரே சிரித்த காலத்தில் மைக்கைப் பிடித்த மனுஷன். அவர் வர்ணனையைக் கேட்டுவிட்டுப் பாதிச் சவரத்தோடு சலூனிலிருந்து எழுந்து ஓடி வந்தவர்கள் உண்டு. ஆட்டத்தில் அவுட் ஆன பிள்ளை கோட்டுக்கு வெளியே உட்கார்ந்திருக்கும். அதன் அணி எதிரணியில் ஒருத்தியை அவுட் ஆக்கினால், வெளியே இருப்பவள் திரும்பவும் களத்துக்குள் வரலாம். அந்த நேரத்தில் அண்ணாச்சி, "வெளிய இருந்த பிள்ள, உள்ள வாம்மா" என்று கூப்பிடுவார் பாருங்கள், அதற்காகவே ஆட்டம் பார்க்க வருவார்கள்.

போன வருடம் அவருக்குத் தொண்டையில் புற்று வந்தது. குரல்வளையை எடுத்துவிட்டார்கள். கழுத்தில் ஒரு சின்னத் துளை, மூச்சு அது வழியாகத்தான்.

இப்போதெல்லாம் அதற்கு 'மிடறு' இருக்கிறது. அறுவைச் சிகிச்சைக்கு முன்பே முந்நூறு வாக்கியங்களைப் படித்துக் கொடுத்துவிட்டால், அந்த மென்பொருள் நம் குரலைக் கற்றுக்கொள்ளும். பிறகு கழுத்தில் ஒரு பட்டையை ஒட்டிக்கொண்டு வாயை அசைத்தால் போதும். தசை அசைவைப் படித்து, ஸ்பீக்கரில் நம் குரலிலேயே பேசும். ஒரே கட்டுப்பாடு, குரல் அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரில்தான் இருக்க வேண்டும். பிள்ளையின் குரலில் பேசி அப்பனை ஏமாற்றும் கும்பல்கள் பெருத்துப்போன பிறகு வந்த சட்டம் அது.

முந்நூறு வாக்கியங்களும் சப்பென்று இருந்தன. 'கிணற்றில் தண்ணீர் இருக்கிறது', 'அவர் நாளை வருவார்' என்று போகும். சாதாரணமாகப் படித்தால் போதும் என்று தலைபாடாக அடித்துக்கொண்டேன். "உப்புச் சப்பில்லாம எனக்கு வாசிக்க வராது தங்கச்சி" என்று சொல்லிவிட்டு, கிணற்றில் தண்ணீர் இருப்பதைக் கடைசி நிமிட ரெய்டு மாதிரி படித்தார். எண்கள் வந்தால் கேட்கவே வேண்டாம். எட்டு என்றால் 'எட்ட்டூ' என்று மைதானத்தின் மறுகோடிக்கு எறிவார். மிடறும் அப்படியே கற்றுக்கொண்டது. அதிலிருந்து அவர் மனைவி செல்வகனி மதினி, "இவிய மோர் கேட்டா பக்கத்து வீட்டுல கைதட்டுதாவ" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்.

எட்டு மாதம் அந்தக் குரலை வைத்துப் பயிற்சி எடுத்தார். விழாக் கமிட்டிச் செயலாளர் தங்கத்துரைக்கு நம்பிக்கை இல்லை. மிஷின் வர்ணனைக்கு எவன் நின்று கேட்பான் என்றார். மூன்று மணிக்குள் அண்ணாச்சி மைதானத்தில் மைக் டெஸ்ட் முடிக்காவிட்டால், நாகர்கோவிலிலிருந்து ஓர் ஆளைக் கூட்டி வருவதாக ஏற்பாடு. இதில் அண்ணாச்சியின் மகள் சுபிக்ஷாவுக்கு இதுதான் முதல் இறுதி ஆட்டம், அதுவும் கேப்டனாக. முந்தின நாள் அவர் தன் சிலேட்டில் எழுதிக் காட்டினார்: 'நாளைக்கு நான் பேசலைன்னா இனி மைக்கைத் தொடமாட்டேன்.' சொன்னால் செய்கிற ஆள். மதினி அந்தச் சிலேட்டை அழிக்கக்கூட இல்லை, அப்படியே கவிழ்த்து வைத்துவிட்டார்.

அன்றைக்குச் சாயங்காலமே வினை வந்தது. கமிட்டிக்காரர்கள் சீரியல் பல்புக்காகக் கம்பத்தில் கொக்கி போட, தெருவில் மின்சாரம் ஏறி இறங்கி, அண்ணாச்சி வீட்டுக் கம்ப்யூட்டரின் மதர்போர்டு கருகிவிட்டது. காலையில் என் கடையிலிருந்து வேறு போர்டு கொண்டுபோய் மாட்டினேன். டிஸ்க்குக்குச் சேதமில்லை. கம்ப்யூட்டர் உயிர் பெற்று எழுந்ததும் என்னை நானே மெச்சிக்கொண்டேன். மதினி வடை கொண்டுவந்து வைத்தார். முதல் கடி கடிப்பதற்குள் திரையில் வந்தது: 'இது உங்கள் கணினி அல்ல. மிடறு முடக்கப்பட்டுள்ளது.'

வடையைக் கீழே வைத்தேன். போர்டு மாறினால் மிடறுக்கு அது வேறு கம்ப்யூட்டர்.

மென்பொருள் அடம்பிடித்தால் முதலில் தேதியைப் பார்க்க வேண்டும். என் தொழிலில் அதுதான் பிள்ளையார் சுழி. நான் மாட்டியது பழைய போர்டு, அதன் பேட்டரி செத்துக் கிடந்தது, கம்ப்யூட்டர் பதினேழு வருடத்துக்கு முந்தைய புத்தாண்டில் நின்றுகொண்டிருந்தது. தேதியைத் திருத்தினேன். அசையவில்லை. நிறுத்தி மறுபடி போட்டேன். இணைப்பைக் கழற்றி என் போனிலிருந்து இணையம் கொடுத்தேன். வாங்கும்போது வந்த இருபத்தைந்து எழுத்துச் சாவியை அடித்தேன். 'இந்தச் சாவி வேறொரு கணினிக்கு உரியது' என்றது. அந்த வேறொரு கணினியின் போர்டு கருகிப்போய் என் பையில்தான் கிடந்தது. அதை எடுத்துத் திரைக்கு முன்னால் காட்டலாமா என்றுகூடத் தோன்றியது. அவ்வளவு ஆத்திரம்.

பன்னிரண்டரை ஆகிவிட்டது. கடைசி வழி, தொலைபேசி மூலம் செயல்படுத்துவது. திரையில் ஐம்பத்து நான்கு இலக்கம் வரும். உதவி எண்ணைக் கூப்பிட்டு அதை ஒப்பிக்க வேண்டும். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டேன்.

"வணக்கம். மிடறு உதவி மையம் உங்களை அன்புடன் வரவேற்கிறது. தமிழுக்கு எண் எட்ட்டூ."

அடுப்படியிலிருந்து மதினி கரண்டியோடு ஓடி வந்தார். "சரியாயிட்டா? பேசிட்டாவளா?" என்று கேட்டுக்கொண்டே அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி வாயை மூடிக்கொண்டு ஜன்னலோரம் நின்றிருந்தார். கழுத்தில் பட்டைகூட இல்லை. நான் போனைக் கையால் காட்டினேன்.

அந்தக் குரல் தொடர்ந்து பேசிக்கொண்டே இருந்தது. அதே ஏற்றம், அதே இழுப்பு. முகவரி மாற்றத்துக்கு ஐந்து என்பதை ஏதோ சூப்பர் டேக்கிள் விழுந்த மாதிரி சொன்னது. அண்ணாச்சி மெதுவாக வந்து போனுக்கு முன்னால் குனிந்தார். பட்டியல் முழுவதையும் கேட்டார். பிறகு கவிழ்ந்து கிடந்த சிலேட்டை எடுத்துத் துடைத்து எழுதினார்: 'இது நான். எவன் குடுத்தான்?'

மறைத்து என்ன பிரயோஜனம்? நான்தான் கொடுத்தேன். மிடறை நிறுவும்போது அறுபத்து நான்கு பக்க ஒப்பந்தம் வந்தது. இந்தத் தேசத்தில் எவன் அதைப் படிக்கிறான்? கடைசிப் பக்கத்துக்கு இழுத்து 'ஒப்புக்கொள்கிறேன்' என்பதை அமுக்கினேன். அதற்குள் எங்கேயோ, சட்டத்துக்கு விலக்காக, குரலை நிறுவனத்தோடு பகிர்ந்துகொள்ளச் சம்மதம் இருந்திருக்கிறது. அண்ணாச்சியிடம் அப்படியே சொன்னேன். சொல்லும்போது என் முகம் எரிந்தது. அவர் ஆஸ்பத்திரியில் மயங்கிக் கிடந்தபோது அவர் குரல் ஊர் பேர் தெரியாதவர்களிடம் எட்டை அமுக்கு, ஐந்தை அமுக்கு என்று வேலை பார்த்திருக்கிறது. மதினி என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

நேரமில்லை. அது கேட்டபடி என் பெயரைச் சொல்லிவிட்டு, ஐம்பத்து நான்கு இலக்கத்தையும் படித்தேன். அண்ணாச்சியின் குரல் ஒவ்வொன்றையும் குஷியாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, கடைசி ஒரு சோதனை இருக்கிறது என்றது. கம்ப்யூட்டர் திரையில் ஒரு வாக்கியம் வரும். குரலின் உரிமையாளர் அதைத் தன் சொந்தக் குரலில் கம்ப்யூட்டரின் மைக்கில் படிக்க வேண்டும். மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வாக்கியம் மாறும்.

"அவருக்குக் குரலே கிடையாதுய்யா," என்றேன். "அதுக்குத்தானே உங்க மிடறை வாங்கினோம்."

"கவலை வேண்டாம். பேச இயலாதவர்கள் மிடறு மூலம் பேசலாம்" என்றது அண்ணாச்சியின் குரல், கோப்பையை அறிவிக்கிற சந்தோஷத்தோடு.

நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் அதே பதில், சந்தோஷம் மட்டும் கூடிக்கொண்டே போனது. இல்லாவிட்டால் சென்னை அலுவலகத்துக்கு நேரில் வரலாமாம், பொங்கல் விடுமுறை முடிந்து. உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த சுபிக்ஷா ஜெர்சியோடு வாசலில் வந்து நின்றாள். மைதானத்துக்குக் கிளம்பும் நேரம். அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, அவர் பேசாவிட்டாலும் தான் ஆடுவேன், நாகர்கோவில்காரர் பேசட்டும் என்று நல்ல பிள்ளையாகச் சொன்னாள். சொல்லிவிட்டுத் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சினாள்.

அண்ணாச்சி சிலேட்டில் வேகமாக ஏதோ எழுதி என் மூக்குக்கு நேராக நீட்டினார். சுண்ணக்கட்டி உடைந்து தெறித்தது.

'அவனைப் படிக்கச் சொல்லு.'

எனக்குப் புரிய ஒரு நொடி ஆயிற்று. புரிந்ததும் உடம்பெல்லாம் ஜிவ்வென்று ஏறியது. போனுக்குள் இருப்பதும் அண்ணாச்சியின் குரல்தான். வாக்கியத்தை அது சொன்னால் போதும். ஆனால் அதை எப்படிச் சொல்ல வைப்பது? நாம் என்ன கேட்டாலும் அது சொன்னதையேதானே சொல்கிறது.

சுபிக்ஷாவுக்குத்தான் அது பட்டது. "அத்தை, மொதல்ல பேரு கேட்டுச்சுல்லா? நீங்க சொன்னதும் 'நன்றி, எஸ்தர் அவர்களே'ன்னு திருப்பிச் சொல்லிச்சு."

நான் அந்தப் பிள்ளையைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தேன். மறுபடி கூப்பிட்டோம். எட்டை அமுக்கி, ஐம்பத்து நான்கு இலக்கத்தையும் படித்து, கம்ப்யூட்டரைச் சோதனைக்குக் கொண்டுவந்தேன். பிறகு போனில் பெயர் மாற்றத்துக்கான எண்ணை அமுக்கினேன். பெயரைச் சொல்லுங்கள் என்றது. திரையில் இருந்ததைப் படித்தேன்.

"மழைக்கு முன் ஏழு மாடுகள் வீடு திரும்பின."

"நன்றி, மழைக்கு முன் ஏழு மாடுகள் வீடு திரும்பின அவர்களே."

மதினி சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கம்ப்யூட்டர் சிரிக்கவில்லை. முன்னால் ஒரு நன்றியும் பின்னால் ஓர் அவர்களேயும் ஒட்டிக்கொண்டதால் 'வாக்கியம் பொருந்தவில்லை' என்றது. இரண்டாவது முறை மைக்கை நானே கையால் மூடி மூடித் திறந்தேன். சரியான நேரத்தில் மைதானத்து ஒலிபெருக்கி நாதஸ்வரத்தை எடுத்துவிட்டது. அதுவும் போயிற்று. மூன்று முறை தவறினால் அன்றைக்குக் கதவு சாத்திவிடும். மணி இரண்டு இருபது.

மூன்றாவது முறைக்கு ஆளாளுக்கு வேலை பிரித்தோம். சுபிக்ஷா ஜன்னல்களைச் சாத்திவிட்டு, மைதானத்துக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரை இரண்டு நிமிடம் நிறுத்தும்படி கேட்டாள். மதினி குக்கரை இறக்கினார். மைக்கை அண்ணாச்சியே எடுத்துக்கொண்டார். தன் குரல் எங்கே மூச்சு வாங்கும், எங்கே எழும் என்று அவரைவிட யாருக்குத் தெரியும்? நான் பெயரைச் சொன்னேன்.

"பச்சைக் கதவுக்குப் பின்னால் யாரோ சிரிக்கிறார்கள்."

"நன்றி," என்றது போன். அண்ணாச்சியின் உள்ளங்கை மைக்கை விட்டு எழுந்தது. "பச்சைக் கதவுக்குப் பின்னால் யாரோ சிரிக்கிறார்கள்." உள்ளங்கை இறங்கியது. அவர்களே என்பது அவர் கைக்குள்ளேயே அமுங்கிப்போனது.

திரை பச்சையானது. நான்கு பேரும் திரையை நோக்கிக் குனிந்தோம். ஏதோ இரண்டு வரிப் பெட்டி ஒன்று முளைத்தது. இத்தனை பாடுபட்டு வந்தபிறகு அதை எவள் படிப்பாள்? இடப்பக்கம் இருந்த பொத்தானை அமுக்கித் தள்ளினேன். 'மிடறு செயல்படத் தொடங்கிவிட்டது.' போனில், "வேறு ஏதேனும் உத" என்று வந்த குரல் பாதியில் அறுந்தது. சிக்னல் போயிருக்கும் என்று அணைத்துவிட்டேன்.

அண்ணாச்சி பட்டையைக் கழுத்தில் ஒட்டிக்கொண்டார். அவசரத்தில் கோணலாக ஒட்டியது. மதினி சரிசெய்துவிட்டார்.

"செல்வகனி. மணி ரெண்டு இருபத்தாறு. வெள்ளைச் சட்டைய எடு," என்றது ஸ்பீக்கர். பக்கத்து வீட்டில் உண்மையாகவே யாரோ கைதட்டினார்கள்.

கம்ப்யூட்டரை வீட்டோடு விட்டுவிட்டுக் குரலை மட்டும் கொண்டுபோக முடியாது. அதனால் கம்ப்யூட்டர் பெட்டியை அப்படியே என் ஸ்கூட்டரின் காலடியில் வைத்து, மதினி பின்னால் மானிட்டரோடு உட்கார, பெருமாள் சப்பரம் போகிற மாதிரிக் கிளம்பினோம். மூன்று மணிக்கு நான்கு நிமிடம் இருக்கும்போது மைக் டெஸ்ட். தங்கத்துரை தன் போனை எடுத்து, நாகர்கோவில்காரரை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆட்டத்தை எப்படிச் சொல்ல? செம்மண் புழுதியில் பதினான்கு பிள்ளைகள், சுற்றிலும் ஊர். முதல் இரண்டு நிமிடம் சனம் பந்தலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது, குரல் எங்கிருந்து வருகிறது என்று. மூன்றாவது நிமிடம் எல்லாரும் மறந்துபோனார்கள். சுபிக்ஷாவின் அணியில் மூன்று பேர் வெளியே உட்கார்ந்திருந்தபோது அவள் தனியாகப் பாடிப் போனாள். மூச்சு விடாமல் ஆழமாகப் போய், இரண்டு பேரைத் தொட்டுவிட்டுக் கோட்டில் விழுந்தாள். "ரெண்டு புள்ளி. வெளிய இருந்த பிள்ளைகளா, உள்ள வாங்கம்மா." ஊர் எழுந்து நின்றது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, புழுதி என்று சொல்லிக்கொண்டேன்.

கடைசி ரெய்டில் அவள் பிடிபட்டாள். நடுவர் கை தூக்குவதற்கு முன்பே அண்ணாச்சி சொன்னார், "அவுட். எம்பொண்ணு அவுட். நல்லாப் பிடிச்சிருக்கா அந்த நாலாம் நம்பர் பிள்ள, கைதட்டுங்க." ஒரு புள்ளியில் தோற்றோம். சுபிக்ஷா கால் முட்டியில் ரத்தத்தோடு வந்து, தன் பெயரை ரேடியோவில் கேட்ட மாதிரி இருந்தது என்று அப்பாவிடம் சொன்னாள்.

பந்தலில் சுக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது என் போன் அடித்தது. மிடறு நிறுவனத்திலிருந்து பேசுவதாகவும் பெயர் கௌசிக் என்றும் ஓர் இளைஞர் சொன்னார். பாவம், மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். மதியம் இரண்டு இருபத்தாறிலிருந்து அவர்களுடைய தமிழ் உதவி மையம் ஊமையாகிவிட்டதாம். கடைசியாகப் பேசிய எண் என்னுடையதாம். திரையில் வந்த பெட்டி, குரலைப் பகிர்வதைத் தொடரலாமா என்று கேட்டிருக்கிறது. நான் அமுக்கியது 'வேண்டாம்'.

படிக்காமல் அமுக்கிப் போன குரல், படிக்காமல் அமுக்கியே திரும்பி வந்துவிட்டது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்ட மதினி, அண்ணாச்சியின் குரலை வைத்தே அவரை வாசலில் நிறுத்தினீர்களே, இப்போது தெரிகிறதா என்று கேட்டார்.

"தெரியுதுங்க மேடம்," என்றார் கௌசிக். "ஆனா நேத்து புது வெர்ஷன் வந்துச்சு. எல்லாரும் மறுபடி ஆக்டிவேட் பண்ணணும். முந்நூத்தி நாப்பது பேர் லைன்ல நிக்கிறாங்க. எல்லாருமே பேச முடியாதவங்க. புது வெர்ஷன்ல சோதனை போன்லயே நடக்கும். ஐயாவோட குரல் 'செல்லும்'னு சொன்னாத்தான் பூட்டு திறக்கும், வேற யார் சொன்னாலும் திறக்காது. மாத்துறதுக்கு ரெண்டு நாள் ஆகும். பகிர்வை மட்டும் திருப்பிக் குடுத்தீங்கன்னா..."

என் சிரிப்பு நின்றுவிட்டது. காலை பதினொரு மணியிலிருந்து இந்த வீட்டில் நடந்தது முந்நூற்று நாற்பது வீடுகளில் நடந்துகொண்டிருக்கிறது. அண்ணாச்சி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"குரலத் தரமாட்டேன்," என்றார். "லைன இங்க போடுங்க. நானே பேசுதேன்."

கௌசிக் தயங்கினார். விதிமுறைப்படி அழைப்பவர் தன் குரலில் வாக்கியம் படித்தால்தான் செல்லும் என்று சொல்ல முடியுமாம். "அத நான் பாத்துக்கிடுதேன். நீங்க போடுங்க தம்பி," என்றார் அண்ணாச்சி. மறுமுனையில் விசைப்பலகைச் சத்தம் கேட்டது. பிறகு ஒரு மணி ஒலித்தது.

முதல் அழைப்பு. யாரும் பேசவில்லை. உஸ் உஸ் என்று காற்று மட்டும் வந்தது, மூக்கிலிருந்தோ வாயிலிருந்தோ வருகிற காற்று அல்ல. அண்ணாச்சியின் கை தானாகவே தன் கழுத்துத் துளைக்குப் போனது. மதினி என் கையைப் பிடித்துக்கொண்டார். மைதானத்து ஒலிபெருக்கி இன்னும் கம்ப்யூட்டரோடு இணைந்தே இருந்தது, யாருக்கும் கழற்றத் தோன்றவில்லை. நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தவர்கள் அப்படியே நின்றார்கள்.

"மூச்சு கேக்கு," என்றார் அண்ணாச்சி. "கபடிக்கு அது போதும். செல்லும். வெளிய இருந்த ஆளு, உள்ள வாங்க."

எங்கேயோ ஒரு வீட்டில் ஒரு பூட்டு திறந்தது. போனில் கரகரவென்று ஒரு கிழட்டுக் குரல் அன்றைக்கு முதல்முறையாகத் தன் பெயரைச் சொன்னது. அண்ணாச்சி அதைக் கேட்டு முடித்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.